லெவல் ஓடுது, ஆனா ஏதோ குறையுது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

நீங்கள் செய்த கேமில் ஒரு லெவல், அதாவது ஆடுகிறவர் கடந்துபோகும் ஒரு பகுதி. அதில் பிழை எதுவும் இல்லை. கதவு திறக்கிறது, எதிரி சுடுகிறான், ஃப்ரேம் ரேட் பரவாயில்லை, தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஓடி முடித்துவிடலாம். ஆனாலும் ஆடிப் பார்த்த நண்பர் "நல்லாத்தான் இருக்கு, ஆனா ஏதோ குறையுது" என்கிறார், என்ன குறைகிறது என்று கேட்டால் அவருக்கும் சொல்லத் தெரிவதில்லை. இந்த இடத்தில் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான்: இன்னும் இரண்டு அசெட் பேக் (தயாராகக் கிடைக்கும் பொருள்களின் தொகுப்பு) இறக்கி, பீப்பாய், பெட்டி, புல், பாறை என்று கண்ட இடத்தில் எல்லாம் நிரப்புவது. தயவுசெய்து அதை மட்டும் முதலில் செய்யாதீர்கள். ஒரு உலகம் அரைகுறையாகத் தெரிகிறது என்றால் அதில் உள்ள விஷயங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை என்று அர்த்தம். தூரத்தில் பார்த்த இடத்துக்கு ஒருநாள் போய்ச் சேர முடிய வேண்டும், முதல் அறையில் கற்றது ஐந்தாவது அறையில் உதவ வேண்டும், மழை பெய்தால் அந்தத் தண்ணீர் எங்கிருந்தோ வர வேண்டும். கீழே சொல்லப்போவதெல்லாம் அந்தத் தொடர்பு எங்கே அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வழிகள்.

முதலில் அறிகுறியைச் சரியாகப் பிடிக்க வேண்டும். உங்கள் கேமை இதுவரை பார்க்காத ஒருவரை உட்காரவைத்து, கன்ட்ரோலரைக் கொடுத்துவிட்டு, திரையைப் பதிவு செய்துகொண்டு, வாயை மூடிக்கொண்டு பின்னால் உட்காருங்கள். அவர் எங்கே நிற்கிறார், எங்கே கேமராவைச் சுழற்றுகிறார், எங்கே திரும்பி வருகிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். "அந்தப் பக்கம் போங்க" என்று ஒருமுறை சொல்லிவிட்டாலும் அந்தப் பரிசோதனை போச்சு, அடுத்த ஆளைத் தேட வேண்டியதுதான்.

## அறிகுறி: ஆரம்பித்ததும் நின்றுவிடுகிறார், சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார்

வழி இருக்கிறது, ஆனால் எல்லாத் திசையும் ஒரே மாதிரி தெரிகிறது. ஆள் தோன்றும் இடத்தில் நின்று, கேமராவைத் தொடாமல் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதைக் கறுப்பு வெள்ளையாக்கி, கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். முதலில் கண்ணில் படுவது எது? போக வேண்டிய திசையில் உள்ள ஏதாவது ஒன்று படவில்லை என்றால் கோளாறு அங்கேதான்.

அம்புக்குறி போட்டு இதைச் சமாளிக்க வேண்டாம். போக வேண்டிய கதவுக்குள் வெளிச்சம் வையுங்கள், மற்ற மூலைகளை இருட்டில் விடுங்கள், வானத்தை ஒட்டித் தெரியும் உருவம் ஒன்று அந்தப் பக்கம் இருக்கட்டும். 2012-இல் வந்த ஜர்னி என்ற கேமில் உச்சியில் ஒளி பிளந்து நிற்கும் ஒரே ஒரு மலை ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும், எங்கே போக வேண்டும் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லத் தேவைப்படவில்லை.

பெரிய வெளியாக இருந்தால் இன்னொரு வேலையும் செய்ய வேண்டும், அது மறைப்பது. செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட் கேமைச் செய்த குழு 2017-இல் ஜப்பானில் கேம் செய்கிறவர்களுக்கான செடெக் மாநாட்டில் தங்கள் முக்கோண முறையை விளக்கினார்கள். மலையோ மேடோ பெரும்பாலும் முக்கோண வடிவம்தான். அது பின்னால் இருப்பதை மறைக்கிறது, சரிவில் ஏறுவதா சுற்றிப் போவதா என்று ஆடுகிறவரை முடிவெடுக்க வைக்கிறது, எந்தப் பக்கம் போனாலும் பின்னால் இருப்பது கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்படுகிறது. பெரிய முக்கோணம் அடையாளத்துக்கு, நடுத்தரமானது பார்வையை மறைக்க, சிறியது நடையின் தாளத்துக்கு. உங்கள் மேப்பில் எங்கிருந்து பார்த்தாலும் எல்லாமே தெரிகிறது என்றால் அதுவும் ஒரு கோளாறுதான். அங்கே ஒரு குன்று தேவை.

## அறிகுறி: எல்லாம் பொம்மை வீடு மாதிரி இருக்கிறது, அல்லது மண்டபம் மாதிரி இருக்கிறது

அளவுப் பிரச்சினை. இதை அசட்டையாக விடுகிறவர்கள் நிறைய, ஆனால் மற்ற எல்லாமே இதன் மேல்தான் நிற்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

கேம் செய்ய உதவும் கோடோ என்ஜினை எடுத்துக்கொள்வோம். 3டி கதாபாத்திரத்துக்கு அது தரும் ஆரம்ப ஸ்கிரிப்டில் வேகம் 5.0, குதிக்கும் வேகம் 4.5 என்று இருக்கும், ஈர்ப்பு 9.8. ஒரு யூனிட் என்பது ஒரு மீட்டர். கணக்குப் போட்டால் அந்த ஆள் ஏறக்குறைய 1.03 மீட்டர் உயரம் குதிப்பான், 0.92 வினாடி காற்றில் இருப்பான், சமதரையில் சுமார் 4.6 மீட்டர் தாண்டுவான். இந்த எண்கள்தான் உங்கள் அளவுகோல். மூன்று மீட்டர் பள்ளம் யாருக்கும் எளிது, நான்கு மீட்டர் நெஞ்சு படபடக்கும், ஐந்து மீட்டர் முடியவே முடியாது. 0.9 மீட்டர் சுவர் தாண்டக்கூடியது, 1.2 மீட்டர் சுவர் தடுப்பு. நடுவில் 1.05 மீட்டரில் ஒரு சுவர் வைத்தீர்கள் என்றால் அதன்முன் நின்று பத்து தடவை குதித்துப் பார்த்துவிட்டு வெறுத்துப்போவார்கள். அதனால் முடியும், முடியாது என்ற இரண்டு உயரங்களை மட்டும் வைத்துக்கொண்டு, இடைப்பட்டதை எல்லாம் மேப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அப்புறம் வேகம். மனிதர் சாதாரணமாக நடப்பது வினாடிக்கு 1.4 மீட்டர் சுற்றி. நம் ஆள் 5 மீட்டர் போகிறான். அன்ரியல் என்ற இன்னொரு என்ஜினில் இயல்புநிலை வேகம் வினாடிக்கு 600 சென்டிமீட்டர், அதாவது 6 மீட்டர், அது இன்னும் வேகம். இதனால்தான் நிஜ வீட்டை டேப் வைத்து அளந்து அப்படியே கட்டினால் கேமில் அது பொந்து மாதிரி ஆகிவிடுகிறது. 90 சென்டிமீட்டர் கதவில் ஓடி நுழைய முடியாமல் தோள் இடிக்கும். மூன்றாம் நபர் கேமரா என்றால் இன்னும் மோசம், அது ஆளுக்குப் பின்னால் மூன்று நான்கு மீட்டரில் இருக்கிறது, மூன்று மீட்டர் அறையில் அது எங்கே போகும்? சுவரில் முட்டி, ஆளின் பின்மண்டையைத்தான் காட்டும். கதவை ஒன்றரை மீட்டர் அகலமாக்குங்கள், நடைபாதையை இரண்டரை மூன்று மீட்டராக்குங்கள், கூரையை உயர்த்துங்கள். ஆனால் நாற்காலி, கைப்பிடி, படிக்கட்டு, பாத்திரம் இவற்றை நிஜ அளவிலேயே விடுங்கள். மனிதக் கை படும் பொருள்களை வைத்துத்தான் கண் மற்றதை அளக்கிறது, அவை சரியாக இருந்தால் பெரிய அறையையும் அது ஏற்றுக்கொள்ளும்.

ஊர் அளவு என்றால் பிரெத் ஆஃப் தி வைல்டின் இயக்குநர் ஹிடேமாரோ ஃபுஜிபயாஷி செய்ததைச் செய்யலாம், அவர் தனக்கு நன்கு தெரிந்த கியோட்டோவின் வரைபடத்தைக் கேம் மேப்பின் மேல் வைத்துத் தூரங்களைத் தீர்மானித்தார். நீங்களும் உங்கள் ஊர் வரைபடத்தை வைத்துப் பாருங்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு எவ்வளவு தூரம் என்பது உங்கள் காலுக்கே தெரியும், என்ஜினில் உள்ள எண்ணைவிட அது நம்பகமானது.

## அறிகுறி: அறைகளை வரிசையாக ஒட்டவைத்தது போல இருக்கிறது

லெவலை மேலிருந்து பார்த்து, போகும் வழியை ஒரு காகிதத்தில் கோடாக வரையுங்கள். கோடு ஒரு நூல் மாதிரி, எங்கேயும் தன்னையே தொடாமல் ஓடுகிறதா? அப்படியானால் நீங்கள் ஒரு இடத்தைக் கட்டவில்லை, ஒரு வரிசையைத்தான் கட்டியிருக்கிறீர்கள். இடம் என்றால் ஒரே கிணற்றை இரண்டு பக்கத்திலிருந்து பார்க்க முடிய வேண்டும்.

2011-இன் டார்க் சோல்ஸ் இதற்கு நான் எப்போதும் காட்டும் பாடம். ஃபயர்லிங்க் ஷ்ரைனில் கிளம்புகிறீர்கள், மேலே ஏறி அன்டெட் பர்க்கின் சந்துகளில் அடிபட்டு, பாலத்தைக் கடந்து, அன்டெட் பாரிஷின் தேவாலயத்துக்குப் போய்ச் சேரும்போது வெகுதூரம் வந்துவிட்டோம் என்றுதான் உடம்பு நம்புகிறது. அங்கே பக்கத்தில் ஒரு லிஃப்ட். ஏறினால் கீழே இறங்குகிறது, இறங்குகிறது, கதவைத் தாண்டினால் மறுபடியும் அதே ஃபயர்லிங்க். அந்தக் கணத்தில் நீங்கள் கடந்து வந்த அத்தனையும் தலைக்குள் ஒரே ஊராக மடங்கிவிடுகிறது. கேமின் பாதி வரைக்கும், லார்ட்வெசல் என்ற பாத்திரம் கையில் கிடைக்கும் வரை, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவும் வசதி கிடையாது, அதனால் அந்த லிஃப்டின் மதிப்பு ஆடுகிறவருக்குக் காலால் தெரியும். உங்கள் கேமில் வேகப் பயணத்தை முதல் நிமிடத்திலேயே கொடுத்துவிட்டு, குறுக்குவழிகளை யாரும் பாராட்டவில்லையே என்று வருத்தப்படுவதில் பயன் இல்லை.

சரிசெய்ய முழு லெவலையும் இடிக்க வேண்டியதில்லை. மூன்றாவது அறைக்கும் எட்டாவது அறைக்கும் நடுவே உள்ள சுவரில் ஒரு ஜன்னல் திறங்கள். முதலில் பார்க்க மட்டும் முடியட்டும், பிறகு அந்தப் பக்கத்திலிருந்து வந்து கதவைத் திறக்கட்டும். 1993-இல் டூமின் முதல் மேப்பிலேயே இது இருக்கிறது: ஆரம்ப அறையின் ஜன்னல் வழியே வெளி முற்றத்தில் நீலக் கவசம் தெரிகிறது, போக வழி இல்லை, பின்னால் வரும் ஒரு ரகசியப் பாதையைக் கண்டுபிடித்தால்தான் அது கையில் கிடைக்கும். ஒரு ஜன்னலுக்கு ஆகும் செலவு எவ்வளவு? ஆனால் அதன்பிறகு ஆடுகிறவர் மனதில் ஒரு கணக்குப் பாக்கி இருந்துகொண்டே இருக்கும்.

## அறிகுறி: திரையில் எழுதிச் சொல்லியும் புரியவில்லை

எழுதியதுதான் காரணம். படித்தது கையில் இறங்காது. எதையும் மூன்று படியாகக் கொடுங்கள்: ஆபத்தில்லாமல் ஒருமுறை, ஆபத்தோடு ஒருமுறை, வேறொன்றோடு கலந்து ஒருமுறை.

1985-இன் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் முதல் லெவலில் இரண்டு பக்கமும் படி வைத்த மேடுகள் ஒரு ஜோடி வருகிறது, நடுவில் தரை இருக்கிறது, தவறினால் விழுவீர்கள், ஒன்றும் ஆகாது. கொஞ்சம் தள்ளி கிட்டத்தட்ட அதே வடிவம், இந்தத் தடவை நடுவில் பள்ளம். யாரும் எதையும் சொல்லவில்லை, ஆனால் அந்தத் தாண்டல் ஏற்கெனவே கையில் இருக்கிறது.

2004-இன் ஹாஃப்-லைஃப் 2 இதை இன்னும் நுணுக்கமாகச் செய்கிறது. பொருள்களை இழுத்துப் பிடித்து எறியும் கிராவிட்டி கன் முதலில் உங்களுக்கு விளையாட்டுப் பொருளாக, டாக் என்ற ரோபோவுடன் பந்து பிடித்து விளையாடக் கிடைக்கிறது. அடுத்து ரேவன்ஹோம் என்ற ஊர். உள்ளே நுழைந்ததும் பாதியாக வெட்டுண்ட ஒரு ஸோம்பி, சுவரில் குத்தி நிற்கும் ரம்பத் தகடு. தகட்டைப் பிடுங்குகிறீர்கள், அதே நேரம் எதிரே இன்னொரு ஸோம்பி வருகிறது, விரல் தானாகவே அழுத்திவிடுகிறது. இப்போது உங்களுக்கு ஓர் ஆயுதம் தெரியும், அதைவிட முக்கியமாக, உங்களுக்கு முன்னால் இந்த ஊரில் யாரோ இதே முறையில் உயிரோடு போராடிக்கொண்டிருக்கிறார் என்பதும் தெரியும். ஒரே பொருள் பாடமாகவும் கதையாகவும் நிற்கிறது. உங்கள் லெவலில் அப்படி இரண்டு வேலை பார்க்கும் பொருள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

பொத்தானை அழுத்தினால் எந்தக் கதவு திறக்கிறது என்று தெரியாமல் முழிக்கிறார்களா? அது சின்ன விஷயம். 2007-இன் போர்ட்டலில் பொத்தானிலிருந்து கதவு வரை புள்ளிக்கோடு ஓடும், அழுத்தினால் நீலம் ஆரஞ்சாகும். அதே மாதிரி ஒரு வயரோ குழாயோ இழுத்துவிடுங்கள், முடிந்தது.

## அறிகுறி: பொருள்கள் நிறைய, ஆனாலும் காலியாகத் தெரிகிறது

இதுதான் அசெட் பேக் நோய். ஒரு அறையில் பத்து பீப்பாய் இருக்கிறது. யார் கொண்டுவந்து வைத்தது? உள்ளே என்ன? எந்த வழியாக உருட்டி வந்தார்கள், அந்தக் கதவில் பீப்பாய் நுழையுமா? இந்தக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்ல முடியாவிட்டால் அது சினிமா செட், முன்பக்கம் மட்டும் பெயின்ட் அடித்த அட்டை.

2017-இன் ஹாலோ நைட்டில் சிட்டி ஆஃப் டியர்ஸ் என்று ஒரு நகரம். பூமிக்கு அடியில் இருக்கும் நகரம், ஆனால் அங்கே ஓயாமல் மழை. முதல்முறை போகும்போது அழகுக்காக வைத்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். பல மணி நேரம் கழித்து வேறு வழியில் சுற்றும்போது நீல ஏரி ஒன்றின் கரைக்கு வந்து சேர்கிறீர்கள். மேப்பைத் திறந்தால் அந்த ஏரி அந்த நகரத்துக்கு நேர் மேலே இருக்கிறது. ஏரி கசிகிறது, அதுதான் கீழே மழை. அந்த மேப்பைப் பார்க்கும் ஒருவருக்கு இந்த உலகத்தை யாரோ முழுசாக யோசித்திருக்கிறார்கள் என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது, அதன்பிறகு அவரால் விளக்க முடியாத நூறு விஷயங்களையும் அந்த நம்பிக்கையே தாங்கிக்கொள்ளும். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் உள்ள டீம் செர்ரி என்ற மிகச் சிறிய குழு செய்த கேம் அது, எங்களுக்கு ஆள் பலம் இல்லை என்று சொல்ல இடமே இல்லை.

இதற்கு வழி: லெவலில் மூன்றே கேள்விக்கு விடை வையுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, சாப்பாடு எங்கிருந்து வருகிறது, கடைசியாக இங்கே என்ன நடந்தது. மூன்றையும் எழுத்தில் இல்லாமல் பொருளால் காட்டுங்கள். தேய்ந்த படி, ஒரு பக்கம் மட்டும் கரி படிந்த சுவர், உள்ளிருந்து தாழ் போட்ட கதவு. இவை வந்தபின் இந்த மூன்று கேள்விக்கும் சம்பந்தமில்லாத பீப்பாய்களை அழியுங்கள். லெவல் பொருள் குறைந்து, கனம் கூடும்.

## அறிகுறி: மேப் பெரிது, அரை மணி நேரத்தில் சலிக்கிறது

ஆடுகிறவரின் கண் எங்கே இருக்கிறது என்று பதிவில் பாருங்கள். மூலையில் உள்ள சின்ன மேப்பையே பார்த்து ஓடுகிறார் என்றால் உலகம் தோற்றுவிட்டது. ஐகான்களை எல்லாம் அணைத்துவிட்டு ஒருமுறை ஆடச் சொல்லுங்கள். அவரால் எதையுமே கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், உங்கள் உலகத்தில் அடையாளங்களே இல்லை, ஐகான் அந்த ஓட்டையை மூடிக்கொண்டிருக்கிறது.

ஹாலோ நைட்டில் புதிய பகுதிக்குப் போனால் கையில் மேப் இருக்காது. எங்கோ மேப் வரைந்து விற்கும் கார்னிஃபர் முணுமுணுத்துப் பாடுவது கேட்கும், தரையில் காகிதங்கள் சிதறிக் கிடக்கும், அதைப் பிடித்துப் போனால் அவரிடம் அரைகுறை மேப் ஒன்றை வாங்கலாம், மீதியை நீங்கள் நடந்து நிரப்ப வேண்டும். மேப்பைத் தேடுவதே ஒரு பயணமாகிவிட்டது. அவ்வளவு தூரம் போக உங்களால் முடியாவிட்டாலும், ஐகானுக்குப் பதில் புகை, பறவைக் கூட்டம், மணியோசை, உடைந்த பாலம் என்று தூரத்திலிருந்தே தெரியும் ஒன்றை வைக்கலாம். அதோடு மேப்பைச் சுருக்கவும் தயங்காதீர்கள். இது பலருக்கு மனம் வராத விஷயம், ஆனால் பாதியாக வெட்டிய மேப்பைப் பார்த்து யாரும் சின்னது என்று குறை சொல்லி நான் கேட்டதில்லை.

## அறிகுறி: "நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்"

உலகம் பதில் சொல்லவில்லை. ஹாஃப்-லைஃப் 2 ஆரம்பத்தில் ரயில் நிலையத்தில் ஒரு காவலன் கேனைத் தட்டிவிட்டு, எடுத்துக் குப்பைத் தொட்டியில் போடு என்கிறான். போட்டால் விடுகிறான், அவன் மேலேயே எறிந்தால் துரத்தி அடிக்கிறான். எப்படிச் செய்தாலும் கதை மாறுவதில்லை, ஆனால் அந்த நொடியிலிருந்து நீங்கள் அந்த ஊரில் இருக்கிறீர்கள். நீங்களும் சிறியதாக ஆரம்பியுங்கள்: நடந்தால் புல் சாயட்டும், விளக்கைச் சுட்டால் அணையட்டும், திறந்த கதவு திரும்பி வரும்போது திறந்தே இருக்கட்டும். கடைசியில் சொன்னதைப் பலர் மறக்கிறார்கள். வென்ற அறைக்குத் திரும்பி வந்தால் எல்லாம் பழையபடி அடுக்கி வைக்கப்பட்டிருந்தால் மனம் உடைந்துபோகும்.

## அறிகுறி: ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத சுவரில் முட்டிக்கொள்கிறார்

எல்லைக்கு ஒரு காரணம் கொடுங்கள்: ஆழக் கடல், செங்குத்துப் பாறை, இடிந்த பாலம். 1999-இன் சைலன்ட் ஹில்லில் தூரத்தைக் காட்ட முதல் பிளேஸ்டேஷனுக்குச் சக்தி போதவில்லை, மூடுபனி அதை மறைத்தது, அதுவே அந்த ஊரின் பயமாகவும் ஆயிற்று. எல்லைக்கு அப்பாலும் ஏதாவது தெரியட்டும், போக முடியாத இரண்டு மலை, எரியும் ஒரு விளக்கு, அது போதும்.

## அறிகுறி: எல்லாம் சரி, ஆனாலும் உயிர் இல்லை

ஹெட்போனைக் கழற்றிப் பாருங்கள், எந்த வித்தியாசமும் தெரியவில்லை என்றால் ஒலியில் வேலை பாக்கி. மரத்தில் ஒரு காலடிச் சத்தம், கல்லில் ஒன்று, தண்ணீரில் ஒன்று. குகைக்குள் எதிரொலி. கதவைத் திறக்கும் முன்பே அந்தப் பக்கத்துச் சத்தம் மெல்லக் கேட்க வேண்டும். ஒரே ஆம்பியன்ட் (பின்னணிச் சத்தம்) கோப்பை லெவல் முழுக்க ஓடவிட்டிருந்தால், அதை மூன்றாகப் பிரித்து மூன்று இடத்தில் வைப்பதே பாதி நோயைத் தீர்க்கும்.

ஒரே லெவலில் இவற்றில் நாலைந்து அறிகுறி சேர்ந்து வருவதும் உண்டு. அப்போது வரிசை முக்கியம்: அளவை முதலில் சரிசெய்யுங்கள், ஏனென்றால் கதவு அகலம் மாறினால் மற்ற எல்லாமே மாறும். அடுத்து வழியும், அது சுற்றி வந்து தன்னையே தொடும் வளையமும், அதெல்லாம் வெறும் சாம்பல் நிறப் பெட்டிகளாக இருக்கும்போதே. அப்புறம் கற்பித்தல், அதன் பிறகுதான் பொருள்கள், ஒலி. ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னும் புதிய ஒருவரை உட்காரவைத்து, முதலில் சொன்னபடி வாயை மூடிக்கொண்டு பதிவு செய்யுங்கள். ஆடி முடித்ததும் ஒரு காகிதத்தைக் கொடுத்து, மேப்பை நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். எந்த அறையை அவர் விட்டுவிட்டார் என்று பாருங்கள். அடுத்த வார வேலையை அந்த அறையிலிருந்து தொடங்கலாம், அல்லது அந்த அறையையே எடுத்துவிடலாம்.